முதல் கியர்

கோயம்புத்தூர்க்காரர் ஒருவர்
முழங்கால் தேய்ந்துபோய் விற்ற வண்டி.
குன்னூர்ச் செம்மண்
அதன் அடிவயிற்றில் இன்னும் ஒட்டியிருந்தது.
முன்னால் மூன்று, பின்னால் ஏழு,
பெருக்கினால் இருபத்தொன்று என்றார்.
எங்கே ஓட்டப் போகிறீர்கள்?
திருவையாறு என்றேன்.
பணத்தை இரண்டாம் முறை எண்ணுகிற சாக்கில்
சிரிப்பைக் குனிந்து மறைத்துக்கொண்டார்.

நியாயம்தான்.
ஏற்றம் என்றால் எங்கள் பக்கம்
இறைப்பது, ஏறுவதல்ல.
மலைத்து நிற்கக்கூட ஒரு மலையில்லாத தரை.
வாய்க்கால் மதகு, ரயில்வே கேட்,
ஸ்கூலுக்கு முன்னால் ஒரு வேகத்தடை:
இவைதான் சிகரங்கள்.
மூன்று வருடமாகச் சங்கிலி
ஒரே பல்லில் ஓடுகிறது.
முதல் கியர்
பீரோவில் மடிப்புக் கலையாத பட்டு.

ஆனி மூன்றாம் நாள்
விடியுமுன் சவரிராஜ் கூப்பிட்டான்.
ஷட்டரில் லஸ்கர் வேலை அவனுக்கு.
"திருக்காட்டுப்பள்ளி தாண்டிடுச்சு.
பாக்கணும்னா இப்பவே கெளம்பு."
ஹெல்மெட்டுக்குள் கொண்டையைத் திணித்துக்கொண்டு
பாலத்தடியில் நின்றேன்.
அய்யம்பேட்டையிலிருந்து நஸ்ரின் வந்தாள்.
பல் டாக்டர்.
என் வண்டியைச் சுற்றிவந்து,
"பயன்படுத்தாத பல்தான்
முதல்ல கெடும்" என்றாள்.

ஆற்றுக்குள் இறங்கினோம்.
எட்டு மாதமாக ஆறு இல்லாத ஆறு.
கோரை, கருவேலஞ்செடி, பீங்கான் சில்லு,
மணல் லாரி விட்டுப்போன பள்ளம்,
யாரோ சமைத்த மூன்று கல்.
மணல் சக்கரத்தைப் பிடித்து
கணக்குக் கேட்பதுபோல நிறுத்தியது.
ஏழு, ஐந்து, மூன்று...
சங்கிலி ஒருமுறை பொருமி
முதல் கியரில் போய் உட்கார்ந்தது.
ஊட்டியில் ஏறவேண்டிய மூச்சை
காவேரியின் தரையில் வாங்கினேன்.

ஈச்சங்குடிக்குப் பக்கத்தில்
ஒரு நாய் மேற்கே பார்த்துக் குரைத்தது.
ஓசையை எதிர்பார்த்திருந்தேன்.
வந்தது ஒரு விரல் கனத்தில்,
பழுப்பு நுரையும் சருகும் எறும்பும்
ஒற்றைச் செருப்பும் தள்ளிக்கொண்டு,
வீட்டு எண் தேடும் தபால்காரர் மாதிரி
ஒவ்வொரு குழியாக நின்று நின்று.
குழி நிறைந்தால்தான் அடுத்த அடி.
எங்களைவிட மெதுவாக.
நடையைவிட மெதுவாக.

நஸ்ரின் வண்டியை விட்டு இறங்கவில்லை.
முன்சக்கரத்தை நீர் தொடும்வரை பொறுத்தாள்,
தொட்டதும் ஒரு முழம் நகர்ந்தாள்,
மறுபடி பொறுத்தாள்.
இப்படி ஒரு பர்லாங்.
பிறகு கணுக்கால்வரை வந்துவிட
கரைமேல் ஏறினோம்,
சரிவு முழுக்க முதல் கியரில்,
இருவரும் கெட்ட வார்த்தையோடு.

கணபதி அக்ரகாரத்தில் பாலத்தின் மேல்
செல்போன்கள் வரிசை.
கபிஸ்தலத்தில் பையன்கள்
நீர் வருமுன்பே குதிக்கிற இடம் பிடித்திருந்தார்கள்.
எப்ப வரும் என்றார்கள்
எங்களைப் பார்த்து,
ஆறு எங்கள் பின்சீட்டில் வருவதுபோல.
"டீ குடிச்சிட்டு வரும்" என்றாள் நஸ்ரின்.
குடித்தோம். இரண்டிரண்டு.
உமையாள்புரத்தில் பஞ்சர்.

சுவாமிமலை போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி.
பெயரில் மலை இருக்கிறது,
படி அறுபது இருக்கிறது,
அடியில் பாறை இல்லை.
எங்கிருந்தோ கொண்டுவந்த கல்லை
மனிதர்கள் அடுக்கி ஏறிய உயரம்.
வண்டிக்குப் பூட்டுப் போட்டோம்,
ஏறவில்லை. கால் மறுத்துவிட்டது.
கீழே உட்கார்ந்து
டயர் இடுக்கில் காய்ந்திருந்த சேற்றை
ஹேர்பின்னால் நோண்டினேன்.
செம்மண்ணுக்கும் வண்டலுக்கும்
நிறம் பிரிக்கத் தெரியவில்லை.
மின்னுகிற துகள் ஒன்று
நகத்துக்குள் போயிற்று.
குடகில் எந்தப் பாறையின் மூக்கோ.

சேறு படிந்த வண்டியைப் படமெடுத்து
கோயம்புத்தூருக்கு அனுப்பினேன்.
உடனே கேட்டார்:
"அட, எந்த மலை?"

ஆற்றைப் பார்த்தேன்.
இன்னும் இங்கே வரவில்லை.

"வந்துகொண்டிருக்கிறது"
என்று பதில் போட்டேன்.